காலி டப்பாவைக் காட்டினால்தான் காய்

காசு கொடுத்து விளம்பரம் போட்டு, அதைப் பார்த்து வாங்க வந்தவரிடம் "இப்ப ஒங்களுக்கு வேணாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிய வியாபாரி இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் போடிநாயக்கனூரில் இருக்கிறார். அவருக்கு அந்த விளம்பரத்தைச் செய்து கொடுத்தவள் நான். எனவே இதை மிகைப்படுத்தாமல் சொல்ல முயல்கிறேன். முடியாமல் போனால் குறை அவருடையது.

ஊரில் அவருக்குப் பெயர் சல்லடை. காய்ந்து வந்த ஏலக்காயைச் சல்லடையில் சலித்து அளவு பிரிப்பார்கள். எட்டு மில்லிமீட்டர் கண்ணில் விழாமல் மேலே நிற்பது முதல் தரம். விழுவதெல்லாம் அதற்கு அடுத்தடுத்த தரம். போடியில் ஏலக்காய் விற்கிற எல்லோரிடமும் சல்லடை உண்டு. பட்டப்பெயர் மட்டும் இவருக்குப் போனதற்குக் காரணம், இவர் காயோடு நிறுத்திக்கொள்ளாமல் ஆட்களையும் சலித்ததுதான்.

பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் அவர் கடை. வருகிறவர் படியில் கால் வைக்கும்போதே உள்ளேயிருந்து கேள்வி வரும்.

"என்னத்துக்கு வாங்குறீக?"

பாயசத்துக்கு என்றால் ஒரு காய். டீக்கு என்றால் வேறொரு காய். "சும்மா, வீட்ல கெடக்கட்டும்னு" என்று யாராவது சொல்லிவிட்டால் காய் இல்லை.

"சும்மா கெடக்குறதுக்கு எதுக்கு ஒங்க வீடு? எங்கிட்டயே கெடக்கட்டும்."

சொல்லிவிட்டு வாசலைப் பார்ப்பார். வந்தவர் இறங்கிப் போவார். கடையின் ஓரத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருக்கும் பேச்சியக்கா, சிலமலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், தலையைத் தூக்காமலே சொல்வார்: "இன்னைக்கு நாலாவது ஆளு."

நான் கணினி அறிவியல் படித்தவள். படிப்பு முடிந்து, ஊரில் இருந்தபடியே சின்னக் கடைகளுக்குச் சமூக வலைதளங்களில் விளம்பரம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நைட்டிக் கடை, ஊறுகாய் போடும் ஒரு குடும்பம், மலைக்கு ஜீப்பு விடுகிற ஒருவர். எந்த விளம்பரத்தை யார் பார்த்தார்கள், யார் தொட்டார்கள், தொட்டவர்களில் யார் வாங்கினார்கள் என்று பார்த்து, பலன் தராததை நிறுத்திப் பலன் தருவதைக் கூட்டுவதுதான் வேலை. எதையும் பட்டியல் போட்டு யோசிக்கிற குணம் எனக்கு இயல்பிலேயே உண்டு. சல்லடையின் மனைவி என்னைத் தேடி வீட்டுக்கு வந்ததற்கு அந்த நற்பெயர்தான் காரணம்.

அவரை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். உறவில்லை, தெருப்பழக்கம். அவர் வந்து உட்கார்ந்து, தண்ணீர் கூடக் குடிக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"எம் மகன் செந்திலு சென்னைக்கு வந்துருங்கறான். கடைய மூடிட்டு ரெண்டு பேரும் வந்துருங்கன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். அவஞ் சொல்றதுலயும் தப்பில்ல. உள்ளூர்ல யாரு ஏலக்கா வாங்குறா? தெருவுக்குத் தெரு விக்கிறவுகதான் இருக்காக. இவரு தீவாளி வரைக்கும் தவணை கேட்டுருக்காரு."

"தீபாவளிக்குள்ள என்ன ஆகணும் பெரியம்மா?"

"வெளியூர் வாடிக்கை புடிக்கணும். ஒருக்க வாங்கிட்டுப் போறது கணக்கில்லையாம். வாங்குன ஆளு மறுக்கா வந்து வாங்கணுமாம். அப்பிடி ஆளுக இருந்தா கடை இருக்கட்டும், இல்லைன்னா மூடிட்டுக் கெளம்புங்கன்னு சொல்லிட்டான்."

செந்திலை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கணமே அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. விளம்பரத்துக்கு எத்தனை விருப்பக்குறி விழுந்தது என்று கேட்கும் ஆட்களையே பார்த்துப் பழகிய எனக்கு, இரண்டாம் முறை வாங்குகிறவரைக் கணக்கில் வைக்கச் சொன்ன முதல் மனிதர் அவர்.

"பெரியப்பா என்ன சொல்றாரு?"

"சென்னையில அவன் வீடு ஒம்பதாவது மாடி. 'அங்க போயி நான் எதச் சலிக்க?'ன்னு கேக்குறாரு. கேட்டுட்டு முகத்தத் திருப்பிக்கிறாரு." பெரியம்மா எழுந்தார். "எனக்கு எங்கன்னாலும் சரிதான் தாயி. அந்த மனுசனுக்குத்தான் வேற எடம் ஒத்துக்காது."

ஆடிச் சாரல் மலையில் இறங்கிக்கொண்டிருந்த காலம். புதுக்காய் வரத் தொடங்கியிருந்தது. மறுநாள் கடைக்குப் போனேன். படியில் கால் வைத்தேன்.

"டீயில எத்தன காய் போடுவ?"

"ஒண்ணு."

"தோலோடயா?"

"தட்டி, தோலோட."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு காயை எடுத்து நீட்டினார். "கடி. கடிச்சுட்டுப் பேசு."

நான் சல்லடைக்கு மேலே நின்றுவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். பேச்சியக்கா பிறகு சொன்னார்.

முதல் தகராறு படத்தில் வந்தது. மூங்கில் தட்டில் காயைப் பரப்பி, வாசல் வெளிச்சத்தில் படம் எடுத்து, செல்போனில் கொஞ்சம் நிறம் கூட்டினேன். எல்லோரும் செய்வதுதான். அவர் போனை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது யாரு காயி?"

"உங்க காய்தான் பெரியப்பா."

"எங் காய்க்கு இம்புட்டுப் பச்சை கெடையாது. இதுக்கு எதுக்கு ஆத்தா பவுடர் பூசிருக்க? பொண்ணு பாக்கவா வாராக?"

"ஆமா. பொண்ணு பாக்குற மாதிரிதான் பாப்பாங்க."

"அப்ப உள்ளதக் காட்டு. தாலி கட்டுனதுக்கு அப்பறம் தெரிஞ்சா வம்பு."

நிறத்தைக் குறைத்தேன். இன்னும் என்றார். இன்னும் குறைத்தேன். கடைசியில் காய் எப்படி இருந்ததோ அப்படியே, கொஞ்சம் மங்கலாக, முனையில் லேசான பழுப்போடு படத்தில் வந்து நின்றது. "இது என் காயி" என்றார். என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு நேர்மையான, அவ்வளவு சுமாரான படத்தை நான் வெளியிட்டதில்லை.

இரண்டாவது தகராறு ஊர் பற்றியது. விளம்பரம் எந்தெந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்கலாம். நான் திருப்பூர், ஈரோடு, சென்னை, திருச்சி என்று எழுதிக்கொண்டு போனேன். அவர் போடி என்று சேர்க்கச் சொன்னார்.

"போடியில யாரும் வாங்க மாட்டாங்க பெரியப்பா. விக்கிறவங்க மட்டும்தான் இருக்காங்க."

"தெரியும். காய் ஏலம் விடுற எடத்துல எல்லார் காயையும் எல்லாரும் பாப்போம். ஒளிச்சு வச்சு விக்கிற பழக்கம் நம்மகிட்ட இல்ல. மொதல்ல ஊர்க்காரனுக்குக் காட்டு. அதுதான் மரியாத."

காட்டினேன். ஒவ்வொரு தொடுதலுக்கும் நமக்குக் காசு போகும் என்பதையும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

அன்று மாலைக்குள் ஏலக்காய்த் தெருவே அந்த விளம்பரத்தைத் தொட்டுவிட்டது. எதிர்க்கடைக்காரர் தொட்டார். தரகர்கள் தொட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் பூப்பாறையில் தோட்டம் வைத்திருக்கிறவர்கள் தொட்டார்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதுவது போல ஆளுக்கொரு முறை தொட்டுவிட்டு, தொட்டதை நேரில் வந்தும் சொன்னார்கள்.

"சல்லடை அண்ணே, போன்ல வந்துட்டீக! நான் அமுக்கிட்டேன். எங்க வீட்லயும் அமுக்கச் சொல்லிருக்கேன்."

"ரொம்பச் சந்தோசம் மாப்ளே."

"மருமகன் பொட்டிபுரத்துல இருக்கான். அவனுக்கும் அனுப்பிருக்கேன். அவன் கூட்டாளிகளோட சேந்து அமுக்குவான்."

நான் பக்கத்தில் நின்று, பணம் கரைவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார விளம்பரப் பணம் ஒரே நாளில் முடிந்தது. விற்பனை ஒன்றும் இல்லை. சல்லடைக்கோ முகம் மலர்ந்திருந்தது. "பாத்தியா, நம்ம மேல எல்லாருக்கும் எம்புட்டுப் பிரியம்!"

மறுநாள் போடி, சிலமலை, பொட்டிபுரம், பூப்பாறை எல்லாவற்றையும் விலக்கினேன். அவர் ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை. சமாதானத்துக்காக அதே விளம்பரத்தைப் பெரிதாக அச்சடித்து அவர் கடைக் கதவில் ஒட்டிக் கொடுத்தேன். உள்ளூர் மரியாதைக்குக் கதவு, வெளியூருக்குச் செல்போன் என்று ஏற்பாடாயிற்று. கதவு விளம்பரத்துக்குத் தொடுகைச் செலவு இல்லை.

மூன்றாவது தகராறு விலை. விலை போடாத விளம்பரத்தை ஜனங்கள் நம்ப மாட்டார்கள் என்பது என் கட்சி. "வாயில படாத பண்டத்துக்கு வாயால வெலை சொல்லக்கூடாது" என்பது அவர் கட்சி. ஏலத்திலும் அப்படித்தான், முதலில் மாதிரிக் காய் தட்டில் சுற்றிவரும், எடுத்து நசுக்கிக் கடித்துப் பார்ப்பார்கள், பிறகுதான் விலை. செல்போனில் பார்க்கிறவர் எதைக் கடிப்பார்?

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பொட்டலத்தோடு ஒரு சின்ன உறையில் கொஞ்சம் காய் தனியாகப் போகும். 'முதலில் இதைக் கடியுங்கள். பிடிக்காவிட்டால் பெரிய பொட்டலத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புங்கள்' என்ற வரி மேலே. விலை அதற்குக் கீழே. இந்த வரி உள்ள விளம்பரத்தையும் இல்லாத விளம்பரத்தையும் ஒரே பணத்தில் பக்கம் பக்கமாக ஓடவிட்டுப் பார்த்தேன். வரி உள்ளதுதான் விற்றது. சல்லடைக்கு இந்தச் சோதனையில் ஆர்வமில்லை. கடி மேலே, விலை கீழே என்ற வரிசை சரியாக இருந்ததில் மட்டும் திருப்தி.

ஆவணி பிறந்தபோது கூரியர்க்காரர் தினமும் வரத் தொடங்கினார். பொட்டலம் எதுவும் திரும்பி வரவில்லை. பேச்சியக்காவுக்குத் துணையாக இன்னொரு பெண்ணையும் வேலைக்குச் சேர்த்தார்கள். பெரியம்மா எனக்குக் கொழுக்கட்டை கொடுத்தனுப்பினார். நான் என் பட்டியலில் எல்லாவற்றையும் பச்சை நிறத்தில் குறித்தேன். இனி அவர்கள் இரண்டாம் முறை வாங்க வேண்டியதுதான் பாக்கி.

வந்தார்கள். முதலில் வந்தவர் திருப்பூர்க்காரப் பெண். போன் ஒலித்தபோது நான் கடையில்தான் இருந்தேன். சல்லடைக்குக் காது மந்தமில்லை. ஆனாலும் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார். நாலு பேர் கேட்காத வியாபாரம் வியாபாரமே இல்லை என்பார்.

"ஏனுங்க, மறுக்கா ஒரு கால் கிலோ அனுப்பறீங்களா?"

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். பெரியம்மா கும்பிடுவதற்குக் கையைத் தூக்கிவிட்டார்.

"போன மாசந்தான ஆத்தா கால் கிலோ வந்துச்சு?" என்றார் சல்லடை.

"ஆமாங்க. நல்லா இருந்துச்சுங்க."

"வீட்ல எத்தன பேரு?"

"நானும் அவருந்தானுங்க."

"ரெண்டு பேரு. ஒரு மாசத்துல கால் கிலோ ஏலக்கா. அதுல குளிக்கிறீகளா?"

"ஐயோ, இல்லீங்க. பாதிக்கு மேல இருக்குதுங்க. நல்ல காயா இருக்குது, தீந்து போறதுக்குள்ள இன்னொண்ணு வாங்கி வெச்சுக்கலாமுன்னு..."

"தீரட்டும். தீந்தாத்தான் அடுத்தது. இப்ப ஒங்களுக்கு வேணாம்."

போனை வைத்துவிட்டார். பெரியம்மா தூக்கிய கையால் தலையில் அடித்துக்கொண்டார்.

"இந்தப் புள்ள ஊரு ஊராத் தேடி ஆளப் புடிச்சுக் கொண்டாந்து நிறுத்துது. நீங்க கதவச் சாத்துறீக! மறுக்கா வர்ற ஆளுக்குத்தான மனுசா இத்தன பாடு?"

"பழசு டப்பாவுல இருக்கையில புதுச வாங்குனா, பழசுக்கு மேலயே புதுசக் கொட்டுவாக. அடியில கெடக்குறது மணம் போயிக் கெடக்கும். அதையும் சேத்துத் தட்டிப் போட்டுட்டு 'போடிக் காயி முன்ன மாதிரி இல்ல'ம்பாக. அந்தப் பேரு எனக்கு வேணாம்."

"பேரு வேணாம்னா சென்னைக்குக் கெளம்புங்க!"

அவர் சல்லடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் அதே கதி. ஈரோட்டு ஆசிரியர் ஒருவர், தீபாவளிப் பலகாரத்துக்கு முன்கூட்டியே வேண்டும் என்றார். "தீவாளிக்கு இன்னும் நாள் கெடக்கு, கிட்டக்க வாங்க" என்று அனுப்பப்பட்டார். திருச்சியில் ஒருவர், தன் மாமியார் டப்பாவோடு எடுத்துப் போய்விட்டதாகச் சொன்னார். "அப்ப மாமியாரப் பேசச் சொல்லுங்க" என்றார் சல்லடை.

நான் ஒரு தாளில் விதிகளை எழுதிக் கல்லாவுக்கு மேல் ஒட்டினேன். ஒன்று, வாங்க வருகிறவரை வாங்க வேண்டாம் என்று சொல்லக்கூடாது. இரண்டு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கக்கூடாது. மூன்று, எவருடைய மாமியாரையும் விசாரிக்கக்கூடாது. அவர் நிதானமாகப் படித்தார். "எழுத்து அழகா இருக்கு" என்றார். அடுத்த போனில் மூன்றையும் வரிசையாக மீறினார்.

புரட்டாசியில் ஒருவர் கையில் அளவு நாடாவோடு வந்தார். செல்போன் பழுது பார்க்கும் கடைக்கு இடம் தேடுகிறாராம். செந்தில் சென்னையிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார். சுவருக்குச் சுவர் அளந்தார். காய் மூட்டைகள் இருந்த மூலையில் கண்ணாடிப் பெட்டி வைக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சல்லடை அவரிடம் "என்னத்துக்கு?" என்றுகூடக் கேட்கவில்லை. கடைக்குள் வந்த ஒரு மனிதரை அவர் சலிக்காமல் விட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அளந்தவர் போன பிறகு பேச்சியக்கா கேட்டார்: "அண்ணே, நீங்க போய்ட்டா நாங்க எந்தச் சோலிக்குப் போறது? மறுபடியும் விடியக்கருக்கல்ல ஜீப்பு ஏறி மலைத் தோட்டத்து வேலைக்குப் போகணும். என் முழங்காலுக்கு மலை ஏறாது."

சல்லடை கையில் ஏற்கெனவே சலித்து முடித்த காய் இருந்தது. அதையே திரும்பச் சலிக்கத் தொடங்கினார். கீழே ஒரு காயும் விழவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நானும் பேச்சியக்காவும் உட்கார்ந்திருந்தோம். 

அந்த நிலையில்தான் என் போனுக்கு ஒரு படம் வந்தது. திருப்பூர்ப் பெண் அனுப்பியிருந்தார். ஒரு எவர்சில்வர் டப்பா, கவிழ்த்துப் பிடித்தபடி. கீழே ஒரு வரி: 'சத்தியமா தீந்து போச்சுங்க. இப்பவாச்சும் அனுப்பச் சொல்லுங்க.'

சல்லடையிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டார். மாதிரிக் காயைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நெசமாத்தான் காலி. அனுப்பு" என்றார்.

இரண்டு நாள் கழித்து ஈரோட்டு ஆசிரியரிடமிருந்து ஒரு கண்ணாடிக் குப்பி, வெறுமையாக. பிறகு திருச்சி, மாமியாரே டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பதால் எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கிறேன்.

இங்கே என் படிப்பு எனக்குக் கைகொடுத்தது. இவர்கள் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகவில்லை. காத்திருந்து, தீர்த்துவிட்டு, அத்தாட்சியோடு திரும்பி வருகிறார்கள். அப்படியானால் விளம்பரத்தில் காட்ட வேண்டியது காயை அல்ல என்று தோன்றியது. தோன்றியதை நம்பிப் பழக்கமில்லாததால் சோதித்தேன். ஒரு பக்கம் எங்கள் நேர்மையான, சுமாரான ஏலக்காய்ப் படம். மறுபக்கம், அனுமதி கேட்டு வாங்கிய திருப்பூர் டப்பா. 'காலி டப்பாவைக் காட்டினால்தான் அடுத்த காய். வீட்டில் இருந்தால் வாங்க வேண்டாம்.' ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும், அவர்களைப் போலச் சமைக்கிறவர்களுக்கும் மட்டும் போகும்படி வைத்தேன். சிறு தொகைதான் போட்டேன். இருந்த பணத்தையெல்லாம் ஒரு வெற்று டப்பாவை நம்பிக் கொட்ட எனக்குத் துணிச்சல் இல்லை.

காலையில் டப்பாப் பக்கம் குவிந்திருந்த ஆர்டர்களைப் பார்த்தபோது, கணக்கில்தான் ஏதோ பிழை என்று நினைத்தேன். மறுபடி பார்த்தேன். பிழை இல்லை. காய்ப் படத்தை நிறுத்திவிட்டு டப்பாவுக்கே பணத்தைத் திருப்பினேன்.

அதன் பிறகு வந்த டப்பாக்களை வர்ணிக்க எனக்குத் திறமை போதாது. பிஸ்கட் டப்பா, பவுடர் டப்பா, குழந்தையின் பால் டப்பா, சாமி அறையிலிருந்து எடுத்த பித்தளைச் செம்பு. சல்லடை ஒவ்வொன்றையும் தானே பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

"மூலையில ரெண்டு காயி ஒட்டிக்கிட்டு இருக்கு. அதையும் போட்டுட்டு வரச்சொல்லு."

"பெரியப்பா, ரெண்டு காய்தான்!"

"ரெண்டு டீ ஆத்தா அது."

ஒருவர் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "இது ஏலக்கா டப்பாவே இல்ல. ஊறுகா டப்பா. ஓரத்துல எண்ண மினுங்குது பாரு." விசாரித்தேன். உண்மைதான். கோயம்புத்தூர்க்காரர் மன்னிப்புக் கேட்டு, சரியான டப்பாவை ஒரு வாரம் கழித்து அனுப்பினார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு செந்தில் வந்தார். அப்பாவின் முகவெட்டு, ஆனால் வேகமாகப் பேசுகிறவர். பையை இறக்கிவைத்ததுமே என்னிடம், "ரெண்டாவது தடவை வாங்குனவங்க?" என்று கேட்டார். எனக்குப் பிடித்த கேள்வி. மடிக்கணினியைத் திறந்து வரிசையாகக் காட்டினேன். பட்டியலைப் பார்த்தார், பக்கத்திலிருந்த டப்பாப் படங்களையும் பார்த்தார். திருச்சி மாமியார் படத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"இவங்க எல்லாம் நெஜமான ஆளுங்களா?"

"கூப்பிட்டுப் பேசலாம். ஆனா பெரியப்பா அவங்களக் கூப்பிட்டுப் பேசிட்டுத்தான் இருக்காரு."

செந்தில் அன்று முழுக்கக் கடையிலேயே இருந்தார். போன் ஒலிக்க ஒலிக்க அப்பா பேசுவதைக் கேட்டார். பண்டிகை அவசரம், ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். மதியத்துக்கு மேல் ஒருவர் அரைக் கிலோ கேட்டு, "சும்மா இருக்கட்டும்னுதான்" என்று சொல்லிவிட்டார். சல்லடை வேண்டாம் என்று வைத்தார். செந்தில் எழுந்து நின்றேவிட்டார்.

"அப்பா! அரைக் கிலோப்பா! எதுக்கு வேணாங்கறீங்க?"

"சும்மா வச்சுக்குறதுக்கு ஏலக்கா எதுக்கு?"

செந்தில் அம்மாவைப் பார்த்தார். உள்ளே, கடையை ஒட்டிய வீட்டில், அளவு நாடாக்காரர் வந்துபோனதுமே சென்னைக்குக் கட்டிவைத்த மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பெரியம்மா நிதானமாகப் பாத்திர மூட்டையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

"ஏம்மா அவுக்கிற?"

"ஒம்பதாவது மாடிக்குக் கூட்டிட்டுப் போனா இந்த மனுசன் அங்க யாரடா வேணாம்னு சொல்லுவாரு? என்னையத்தான். இங்கன்னா ஊருக்கெல்லாம் பங்கு பிரிச்சுச் சொல்லிக்கிட்டு இருக்காரு. நான் பாட்டுக்கு நிம்மதியா இருக்கேன்."

பேச்சியக்கா முதலில் சிரித்தார். பிறகு செந்தில். சல்லடைக்கு என்ன வேடிக்கை என்று புரியவில்லை. அடுத்த போனை எடுத்துவிட்டார். அளவு நாடாக்காரருக்கு அன்று மாலை செந்திலே போன் செய்து, வேறு இடம் பார்க்கச் சொன்னார். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். பேச்சியக்கா காய்த் தட்டைத் தன் மூலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, வழக்கம்போலத் தலை குனிந்தார்.

பண்டிகை முடிந்து கிளம்பும் அன்று செந்தில் கடைக்கு வந்து, "அப்பா, ஒரு கால் கிலோ கட்டிக் குடுங்க, வீட்டுக்கு" என்றார்.

சல்லடை மகனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"வீட்ல இருந்தது தீந்துருச்சா?"

சென்னைக்குப் போன் போனது. மருமகள் டப்பாவைப் படமெடுத்து அனுப்பினார். கால்வாசி இருந்தது. செந்தில் வெறுங்கையோடு மதுரை ரயில் ஏறினார். ஏறும்போது எனக்குக் கை கொடுத்து, "விளம்பரத்த மாத்தாதீங்க" என்றார்.

இப்போது நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். பெரிய நிறுவனங்களுக்கு விளம்பரம். படத்தில் நிறம் கூட்டினால் யாரும் கேட்பதில்லை. யார் வீட்டில் எத்தனை பேர் என்பதில் யாருக்கும் அக்கறையில்லை. சல்லடையின் கணக்கை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே பார்த்துக்கொள்கிறேன். ஊரிலிருந்து வரும்போது அவர் ஒரு டப்பா காய் கொடுத்தார். கொடுத்து, "தீந்ததும் படம் அனுப்பு, கூப்புடுறேன்" என்றார். தீராமல் அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவார்.

என்னோடு அறையில் தங்கியிருக்கும் பெண், எதற்கு இந்த வாரத்தில் மூன்றாவது முறையாகப் பாயசம் வைக்கிறாய் என்று கேட்டாள். இனிப்பு பிடிக்கும் என்று சொன்னேன். டப்பாவில் இன்னும் ஏழெட்டுக் காய் இருக்கிறது.